முத்துலெட்சுமிக்கு இன்னும் பேர் விழவில்லை

ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டேன். "உக்காருங்க, ரொட்டி சூடா வருது, கட்டசம்பல் இருக்கு" என்றார் கடைக்காரர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, காது அடைக்க அடைக்க மலையேறி வந்தால், இங்கே எங்கள் திருச்சி மார்க்கெட்டில் பேசுகிற தமிழ். அதே 'ங்க', அதே இழுவை. தேங்காய் ரொட்டியைப் பிய்த்து, மிளகாயை இடித்துச் செய்த அந்தச் சம்பலில் தொட்டு வாயில் போட்டேன். கண்ணில் நீர் வந்தது, காரத்தினால்தான். இனி இந்த ஊரில் எனக்கு என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் பிறகு என்னை வசமாக மாட்டிவிட்டது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். ஹட்டன் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். இங்கே ஜனங்கள் அதைக் 'கரண்டு பிடிக்கிறது' என்கிறார்கள். கரண்டு பிடிப்பது சில நிமிட வேலை. அதற்கு முன்னால் நடப்பதுதான் பெரிய கல்யாண வேலை. பல் பார்க்க வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், எங்கே கதிர் விழ வேண்டும் என்று டாக்டர் கோடு போட வேண்டும், அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும், அந்தக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இதில் ஒருவர் முடித்தது அடுத்தவருக்குத் தெரியாது. ஃபைல் ஒரு மேசையில் தூங்கும், நோயாளி வீட்டில் காத்திருப்பார், நோய் மட்டும் காத்திருக்காது.

எங்கள் மென்பொருள் செய்வது ரொம்ப எளிய காரியம். ஒருவர் முடித்தால் அடுத்தவருடைய போன் மணியடிக்கும். சுவரில் ஒரு பெரிய திரை. நோயாளி ஒருவருக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் மஞ்சள். நோயாளிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியும் போகும். அந்தச் செய்திகளை எழுதியது அடியேன். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்க்கும்போது, குலை தள்ளிய வாழையைப் பார்ப்பது போல எனக்கு ஒரு பூரிப்பு.

தொடக்கம் முதல் கடைசி வரை இந்தத் திரை வழியாகவே வந்த முதல் நோயாளி முத்துலெட்சுமி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். உள்கன்னத்தில் புற்று. அவர் வரிசையில் எல்லாக் கட்டமும் பச்சை, கடைசி ஒன்று மட்டும் மஞ்சள். திங்கட்கிழமை காலை வந்து படுத்தால் முதல் சிகிச்சை. வருவேன் என்று அவர் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நானும் துஷ்யந்தனும் நின்றோம். கதிர்வீச்சுக் கணக்குப் போடுகிறவர் துஷ்யந்தன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அதிகம் சிரிக்க மாட்டார்.

"அக்கா, இவ திங்கள் வராட்டிச் சிக்கல்" என்றார். "ஸ்கேன் எடுக்கேக்க முகத்துக்கு அளவா ஒரு மாஸ்க் செய்தனாங்கள். அது முகத்தைப் பிடிச்சு வைக்கும், அசைய விடாது. நாள் போகப் போக ஆள் மெலிஞ்சா மாஸ்க் லூசாப் போகும். பிறகு ஸ்கேன், கோடு, கணக்கு எல்லாம் முதலிலயிருந்து. அதுக்குள்ள கட்டி வளர்ந்திடும்."

"போன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"எத்தினை தரம் எடுத்தனான். லைன் கிடைக்கேல்ல."

நான் ஒரு முறை போட்டேன். அதிர்ஷ்டம், கிடைத்துவிட்டது. முத்துலெட்சுமியின் கணவர் இராமையா பேசினார். பின்னால் காற்றா மழையா தெரியவில்லை, ஒரே இரைச்சல். "ஆஸ்பத்திரியிங்களா? ரொம்ப சந்தோசங்க. நாளைக்கு அவளுக்குப் பூசை வச்சிருக்கோம். நீங்க கட்டாயம் வரணும். பெரட்டுக்களத்துல எறங்கி…" அவ்வளவுதான், அறுந்துபோனது.

நான் துஷ்யந்தனைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "அவவுக்குப் பூசையோ? அக்கா, ஆள் செத்துப்போனாவோ?"

செத்த வீட்டுக்காரர் 'ரொம்ப சந்தோசங்க' என்று சொல்வாரா என்று நான் கேட்டேன். நாளைக்கு நானே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், பயம் பாதி, ரயில் ஆசை மீதி.

சனிக்கிழமை ரயில். உட்கார இடமில்லை, அதனால் வாசலில் நிற்கிற பாக்கியம் கிடைத்தது. வடை விற்பவர் வந்தார். வடையின் மேல் ஒரு முழு இறால் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. எங்கள் ஊரில் வடைக்கு நடுவில் ஓட்டை போடுவதோடு சரி, யாரையும் படுக்க வைப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். அடுத்ததைக் கண் திறந்தே கடித்தேன். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க இளவட்டங்கள் ஊளையிட்டன. யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நானும் ஊளையிட்டேன். வெளிச்சம் வந்தபோது என் வாய் இன்னும் திறந்திருந்தது. எதிரே நின்ற அம்மா சிங்களத்தில் தன் மகளிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண் எனக்கு மொழிபெயர்த்தாள்: "இந்த வயசுல இப்படி சந்தோசமா இருக்கணும்னு அம்மா சொல்றாங்க." எந்த வயசு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தலவாக்கலையில் இறங்கினால் அக்கரப்பத்தனை பஸ் கிளம்பிவிட்டிருந்தது. ஆட்டோ பிடித்தேன். இங்கே அதற்கு த்ரீவீல் என்று பெயர். ஓட்டுநர் சமன், சிங்களவர், தமிழும் கொஞ்சம் பேசுவார். நான் இடம் சொன்னதும் "ஹரி, ஹரி" என்றார். வளைவுக்கு வளைவு, மூடுபனியில் எதிரே பஸ் வரும்போதெல்லாம், போனில் யாருடனோ பேசும்போதும் "ஹரி, ஹரி". நல்ல பெருமாள் பக்தர் போலிருக்கிறது, இவர் கையில் உயிரை ஒப்படைக்கலாம் என்று நானும் சீட்டில் சாய்ந்துகொண்டேன். பாதி வழியில்தான் அதற்குச் சிங்களத்தில் 'சரி, சரி' என்று அர்த்தம் என்று தெரிந்தது. அதன் பிறகு நானே பெருமாளைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

இராமையா சொன்ன பெரட்டுக்களம் வேறு என் நாக்கில் நின்றது. எங்கள் ஊரில் பெரட்டல் என்றால் மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக்கறி. அதற்கென்றே ஒரு களம் இருக்கிறதென்றால் எப்பேர்ப்பட்ட ஊர் என்று வழியெல்லாம் எச்சில் ஊறியது. இறங்கிப் பார்த்தால் ஒரு வெறும் மைதானம், ஒரு தகரக் கொட்டகை. "கறி எங்கேங்க?" என்று கேட்டுவிட்டேன். அங்கே நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிறதுதான் பெரட்டு, அதற்காக எல்லாரும் வந்து நிற்கிற இடம் பெரட்டுக்களம். விளங்கியதும் அவர்களைவிட நான்தான் அதிகம் சிரித்தேன்.

களத்துக்கு மேலே ஒரு மாரியம்மன் கோயில். ஒலிபெருக்கி, தப்பு மேளம், தோரணம், தோட்டத்து வரிசைவீடுகளான லயத்துச் சனம் முழுக்க அங்கே. படியேறினேன். மேலே போனால், புதுச் சேலையில், கழுத்தில் மாலையோடு, ஒரு பக்கம் லேசாக வீங்கிய கன்னத்தோடு ஓர் அம்மா நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். உயிரோடு, ஜம்மென்று, முத்துலெட்சுமி.

இராமையா ஓடிவந்தார். "ஆஸ்பத்திரி மேடம் வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க" என்றார். எனக்கும் ஒரு மாலை விழுந்தது. இலை விழுந்தது. பாயசம் விழுந்தது. நான் வாயில் வைப்பதற்குள் இராமையா மைக்கைப் பிடித்துவிட்டார். "எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரிக்குக் கரண்டு புடிச்சு, நோவு நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஆத்தாளுக்கு நேந்துக்கிட்ட பூசை இது. ஆஸ்பத்திரியிலேருந்து மேடம் வந்துருக்காங்க, அவங்க ரெண்டு வார்த்த பேசுவாங்க."

முடிந்துவிட்டதா? ஆரம்பிக்கவே இல்லையே. மைக் என் கையில் இருந்தது. எதிரே அத்தனை முகங்களும் சந்தோஷமாக என்னையே பார்த்தன. "எல்லாரும் நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெருத்த கைதட்டல்.

முத்துலெட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாய் முழுதாகத் திறக்கவில்லை, ஆனால் கண் கூர்மை. "என்னங்க மேடம், பாயசத்துல கைய வைக்காம இருக்கீங்க? சீனி பத்தலையா?"

"அம்மா, கரண்டு பிடிச்சு முடிஞ்சதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். மெசேஜ் வந்துச்சே."

இராமையா போனை எடுத்து நீட்டினார். என் கைப்பட எழுதிய அழகான தமிழ். 'சிகிச்சைத் தயாரிப்பு முடிந்தது. திங்கட்கிழமைக்குத் தங்கள் பெயர் பதிவாகியுள்ளது. சரியெனில் 1 என அனுப்பவும்.'

"முடிஞ்சிருச்சுன்னு போட்டுருக்குங்க, பேரும் போட்டாச்சுன்னு இருக்கு" என்றார் இராமையா. "ஒண்ணு அனுப்ப போன்ல காசு இல்ல. எல்லாம் சரிதானேன்னு விட்டுட்டேன்."

"பெயர் பதிவாச்சுன்னா அன்னைக்கு வரணும்னுதானேம்மா அர்த்தம்?"

முத்துலெட்சுமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வேலை செஞ்சு முடிச்ச ஆளுக்குத்தானேங்க பேர் போடுவாங்க. வராத ஆளுக்கு யாரு பேர் போடுவா? அப்படிப் போட்டா கணக்கப்பிள்ளைய அன்னைக்கே தொரத்திருவாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் 'பேர்' என்றால் செய்து முடித்த ஒரு நாள் வேலை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், நிறைந்தால் முழுப்பேர். அதே தமிழ், அதே இழுவை, எங்கள் மார்க்கெட் பாஷையேதான் என்று குதித்தேனே, இந்தச் சொல்லும் நூறு வருஷத்துக்கு மேலாக மலையில் ஏறி இறங்கி வேறொன்றாகியிருக்கிறது. 'வாருங்கள்' என்று ஒரே ஒரு வார்த்தையை நான் போட்டிருக்கலாம்.

"அப்ப அன்னைக்கு ஒரு திங்கக்கெழம மூஞ்சியில வலையப் போட்டு, மெஷினுக்குள்ள விட்டாங்களே, அது கரண்டு இல்லையா?"

"அது அளவு எடுத்ததும்மா. டெய்லர் எடுக்கிற மாதிரி."

"சட்டை?"

"தைச்சாச்சு. போட்டுக்க நீங்கதான் வரணும். திங்கட்கிழமை."

தப்புச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஊரையே கூப்புட்டுச் சோறு போட்டுட்டேனே. இனி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்றார். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தை விட்டு அழவும் செய்தேன். அவர் வராமல் போய்விடுவாரோ என்ற பயம்தான். வெட்கத்தினால் ஆஸ்பத்திரிக்கே வராமல் போனவர்களை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

"அழாதீங்க, எல்லாம் பாக்குது" என்றார் முத்துலெட்சுமி. "மொதல்ல சனம் சாப்பிட்டு முடிக்கட்டும். பந்தியில போய் எதையும் சொல்லக் கூடாது."

கடைசிப் பந்தி எழுந்ததும் அவரே மைக்கை வாங்கினார். பேச முடியாத வாயோடு இரண்டே வரி. "எனக்கு இன்னும் பேர் விழல. திங்கக்கெழமதான் பெரட்டாம்."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், மடை திறந்தது. "அப்ப முத்துலெச்சுமி, வேலைக்கே போகாம விருந்து வச்சிட்டியா?" என்று ஒருத்தி. "முடிஞ்சப்புறம் இன்னொரு தடவ வைக்கணும், சொல்லிட்டேன்" என்று இன்னொருத்தி. இராமையா மட்டும் போனையே வெறித்துக்கொண்டிருந்தார். முத்துலெட்சுமி சிரித்தபடியே உட்கார்ந்து, தனக்கு ஒரு கிண்ணம் பாயசம் ஊற்றச் சொன்னார். நானும் இரண்டாவது கிண்ணம் வாங்கினேன். தேங்காய்ப்பாலில் செய்தது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வைக்கிற பாயசத்தை இனி என்னால் மதிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து செய்திகள் முழுவதையும் திருத்தி எழுதினேன். 'இது அளவு எடுத்தது மட்டும்தான். கரண்டு இன்னும் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை கட்டாயம் வாங்க.' துஷ்யந்தன் படித்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி இப்பிடிக் கதைக்கலாமோ?" என்றார். கதைக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். "நானும் வாசிச்சுப்போட்டு நல்ல தமிழ் எண்டுதானே சொன்னனான்" என்று முதல் முறையாகச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "மாஸ்க் பொருந்தோணும் அக்கா. எனக்கு அதுதான் யோசனை. வாய்ப் புற்றுக்காரர் சாப்பிடமாட்டினம், கிழமைக்குக் கிழமை மெலிஞ்சு போவினம்."

திங்கட்கிழமை மலை முழுக்க மூடுபனி. எதிர்க்கட்டடமே தெரியவில்லை. அவருக்குக் குறித்த நேரம் கடந்தது. திரையில் அவர் வரிசை மினுங்க ஆரம்பித்தது. நோயாளி வராவிட்டால் அந்த நேரத்தை அடுத்தவருக்குத் தானாகக் கொடுத்துவிடும் வசதி அது. போன வாரம் எல்லாரிடமும் நான் பெருமையடித்துக்கொண்டது அதைப் பற்றித்தான். இப்போது அதன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது.

"இதை நிறுத்தேலாதோ?" என்று கேட்டார் துஷ்யந்தன்.

"ஒரே ஒரு வழிதான். ஆள் வந்தாச்சுன்னு அழுத்தணும்."

"வரேல்லையே."

"வந்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேனோ தெரியாது. விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தினால் அது பொய், எழுதினவளே சொல்லுகிற பொய். அப்போது வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. "ஹரி, ஹரி" என்று குரல் கேட்டது. அவ்வளவு இனிமையான சிங்களத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பஸ் ஓடவில்லையாம், சனிக்கிழமை என்னை இறக்கிவிட்ட சமனிடம் நம்பர் வாங்கிவைத்திருந்த இராமையா, அந்த விடியலில் யாருடைய போனிலோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார். முத்துலெட்சுமி இறங்கினார், சமனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. நான் பொத்தானை அழுத்தினேன்.

கதவுக்கு வெளியே இருக்கும் அறையில் நின்று கேமரா வழியாகப் பார்த்தேன். முத்துலெட்சுமி மேசையில் படுத்தார். துஷ்யந்தன் வெள்ளை வலை மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் வைத்தார். லூசாக இருந்தால் எல்லாம் போச்சு. இராமையா என் பக்கத்தில் நின்று மாரியம்மன் பெயரை முணுமுணுத்தார். துஷ்யந்தன் ஒரு பக்கம் அழுத்தினார், கிளிக். மறுபக்கம் அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். குனிந்து கன்னத்தருகே விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

வெளியே வந்ததும், "அச்சொட்டாப் பிடிச்சிருக்கு. ஒரு நூல் கூட மெலியேல்ல. அப்பிடி என்னத்தைச் சாப்பிட்டவ?" என்று கேட்டார்.

"நோவு போயிருச்சுன்னு நெனச்சதுலேருந்து நல்லா சாப்பிட்டாங்க" என்றார் இராமையா. "சோத்தக் கரைச்சுக் கரைச்சு குடுத்தேன். மூணு வேளையும் கேட்டு வாங்கிக் குடிச்சா."

நான் துஷ்யந்தனைப் பார்த்தேன், துஷ்யந்தன் என்னைப் பார்த்தார். என் தப்பான செய்தி அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டை உள்ளே இறக்கியிருக்கிறது. இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கனமான கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே இயந்திரம் மெல்லச் சுற்றி வந்தது. துஷ்யந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, இராமையா கண்ணைத் திறக்கவில்லை, நான் மூச்சு விடவில்லை.

விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. முத்துலெட்சுமி முகமெல்லாம் வலை பதிந்த தடத்தோடு, சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தார். மூன்று பேரும் அவரை வழிமறித்தோம்.

"என்னம்மா, வலிச்சுதா? பயமா இருந்துச்சா?"

"தெரியலைங்க" என்றார் அவர். "தூங்கிட்டேன்."